பொங்கல் திடலில் ஊரார் கூடிக் கட்டும் மரக் கோலம்: எந்த வடிவம், எந்த மூட்டு?

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதியில், கோயில் மண்டபம் ஒன்றில் வார இறுதிகளில் தமிழ் வகுப்பு நடத்தி வருகிறேன். வரும் தைப்பொங்கலுக்கு மண்டபத்தை ஒட்டிய புல்திடலில் மரத்தால் ஆன பெரிய வடிவம் ஒன்றை, வகுப்புக்கு வரும் குடும்பங்களே சேர்ந்து செய்து நிறுத்த வேண்டும் என்று விரும்புகிறோம். தரையில் போடும் புள்ளிக் கோலத்தைப் பிள்ளைகள் ஆர்வத்தோடு கற்றுக்கொண்டார்கள். அந்தப் புள்ளிகளும் கோடுகளும் தரையை விட்டு எழுந்து நின்றால் எப்படியிருக்கும் என்று ஒரு மாணவி கேட்டதிலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது.

எங்களுக்கு வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டில் ஒரு பகுதியைச் செய்து, தன் விருப்பப்படி வண்ணம் தீட்டிக் கொண்டுவர வேண்டும். எல்லாப் பகுதிகளும் ஒரே அளவில் இருந்தால்தான் யார் செய்தது எங்கே பொருந்தும் என்ற குழப்பம் வராது. உயரம் மூன்று மீட்டர் அளவில் இருந்தால் போதும். பாரந்தூக்கி வைத்துக் கட்டும் வசதி எங்களுக்கு இல்லை. கைரம்பம், துளைபோடும் கருவி, ஸ்பேனர் ஆகியவைதான் பெரும்பாலான வீடுகளில் உண்டு. பொங்கல் முடிந்ததும் பிரித்து எடுத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்கில் உள்ள மற்றொரு தமிழ் வகுப்பினருக்கு இரவல் கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே துண்டுகள் எங்களிடம் திரும்பி வர வேண்டும்.

இணையத்தில் பார்த்தவரை எல்லோரும் முக்கோணங்களாகச் சட்டங்களை இணைத்துக் கட்டும் ஜியோடெசிக் குவிமாடத்தையே பரிந்துரைக்கிறார்கள். மாதிரிக்காகக் குச்சிகளைக் கொண்டு கனசதுரங்களை அடுக்கிப் பார்த்தபோது, அவை விரல் பட்டவுடன் சாய்ந்துவிடுகின்றன. குவிமாடத்தைத் தேர்ந்தெடுப்பதா, வேறு வடிவம் உண்டா, எந்த மரம், எந்த மூட்டு என்று விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். இன்னொன்றும் உண்டு. இந்நாட்டின் டாங்வா கரூ வறள்நிலத்தில் 2007 முதல் நடந்துவரும் ஆஃப்ரிக்காபர்ன் விழாவில் பெரிய மரச் சிற்பங்களைக் கட்டி, இறுதியில் எரிக்கிறார்கள் என்பதால், நம்முடையதையும் போகியன்று எரித்துவிடலாம் என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் செல்லவில்லை என்றாலும், உங்கள் கருத்தையும் அறிய விரும்புகிறேன்.

பீனிக்ஸ் தச்சர்

வணக்கம் அம்மா. உங்கள் மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு விடையும் கோலத்திலேயே இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் குவிமாடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள்.

பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1954இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்தக் குவிமாடம் அழகானது, குறைந்த மரத்தில் நிறைய இடத்தை மூடக்கூடியது. அதன் எளிய வகைகளில் ஒன்றான அரைக்கோள வடிவத்துக்கு 65 சட்டங்களும் 26 முனைகளும் தேவை. சட்டங்கள் இரண்டு நீளங்களில் வரும்: ஆரத்தைப் போல் 0.5465 மடங்கு நீளத்தில் 30, 0.618 மடங்கு நீளத்தில் 35. முனைகளோ மூன்று வகை. சிலவற்றில் நான்கு சட்டங்களும், சிலவற்றில் ஐந்தும், சிலவற்றில் ஆறும் வந்து கூடும். சட்டங்களை யார் வேண்டுமானாலும் அறுத்துவிடலாம். முனைகளைச் செய்வதுதான் கடினமான வேலை. அது கடைசியில் கைதேர்ந்த ஒருவர் தலையில் விழும், மற்றவர்கள் அவர் சொன்னபடி குச்சியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்கும் மேலாக, ஒரு குடும்பம் தன் வீட்டில் செய்து முடித்து, "இது எங்களுடையது" என்று தூக்கிவரக்கூடிய தனிப்பகுதி எதுவும் அந்த வகைக் குவிமாடத்தில் இல்லை. கட்டி முடியும் வரை அது முழு உறுதியோடு நிற்கவும் செய்யாது. உங்கள் நோக்கத்துக்கு அது பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

இனி கோலத்துக்கு வருவோம். நேர்ப்புள்ளி வைத்துப் புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்தால் சதுரங்கள் கிடைக்கும். இடுக்குப்புள்ளி வைத்து இணைத்தால் முக்கோணங்கள் கிடைக்கும். தரையில் மாவால் போடும்போது இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. புள்ளியின் இடத்தில் ஒரு போல்ட்டும், கோட்டின் இடத்தில் ஒரு மரச்சட்டமும் வைத்தவுடன் பெரிய வேறுபாடு வந்துவிடுகிறது. வரிசைக்கு ஆறு புள்ளி வீதம் ஆறு வரிசை நேர்ப்புள்ளி வைத்துக் கட்டிய சட்டகம், 36 போல்ட்டும் 60 சட்டமும் இருந்தாலும், பக்கவாட்டில் சாயும். அதை நிறுத்த, 25 சதுரங்களில் குறைந்தது ஒன்பதிலாவது, அதுவும் சரியான இடங்களில், மூலைவிட்டச் சட்டம் போட வேண்டும். 4, 5, 6, 7, 6, 5, 4 என்று இடுக்குப்புள்ளி வைத்தால் 37 புள்ளிகளும் 90 சட்டங்களும் ஆகும். அந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரே நீளம், மூலைவிட்டம் எதுவும் வேண்டாம், தளத்துக்குள் அது அசையாது. நீங்கள் அடுக்கிய கனசதுரம் சாய்ந்ததற்கும் இதே காரணம்தான். கனசதுரத்தின் ஆறு முகங்களிலும் ஒவ்வொரு மூலைவிட்டம் சேர்த்தால் அது விறைத்து நின்றுவிடும். அந்த ஆறு மூலைவிட்டங்களையும் முறையாகப் போட்டால், அவை மட்டும் சேர்ந்து கனசதுரத்துக்குள் ஒரு நான்முகியை உருவாக்கும் என்பதை ஒருமுறை குச்சியில் செய்து பாருங்கள். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அந்த நான்முகிதான் உங்களுக்கு ஏற்ற பகுதி. ஒரே நீளமுள்ள ஆறு சட்டங்கள், நான்கு முனைகள், நான்கு சமபக்க முக்கோணங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு நான்முகி. மூன்றைத் தரையில் மூலைக்கு மூலை தொடுமாறு வைத்து, நான்காவதை அவற்றின் மூன்று உச்சிகளின் மேல் வைத்தால், இரு மடங்கு அளவுள்ள நான்முகி கிடைக்கும்; அதன் நடுவில் எண்முகி வடிவத்தில் ஒரு வெற்றிடம் தானாகத் தோன்றும். அப்படிப்பட்ட நான்கைக் கொண்டு அதே வேலையை மீண்டும் செய்தால், 16 குடும்பங்களின் 16 நான்முகிகளும் 96 சட்டங்களும் சேர்ந்து ஒரே பெரிய நான்முகியாக எழும். சட்டத்தின் முனைக்கு முனை தூரம் ஒரு மீட்டர் என்றால், பெரிய வடிவத்தின் பக்கம் 4 மீட்டர், உயரம் ஏறத்தாழ 3.27 மீட்டர். அதன் ஒவ்வொரு முகத்தையும் நேராகப் பார்த்தால் 1, 2, 3, 4, 5 என்று அடுக்கிய 15 புள்ளி இடுக்குக் கோலம் தெரியும். மாணவி கேட்டது இதுதான்.

மூட்டுகளில் இரண்டு வகை வரும். முதலாவது, ஒரு நான்முகிக்குள் மூன்று சட்டங்கள் கூடும் மூலை. 3 மில்லிமீட்டர் தடிப்பும் 30 மில்லிமீட்டர் அகலமும் உள்ள துத்தநாகப் பூச்சுள்ள இரும்புப் பட்டையைச் சட்டத்தின் உள்முகத்தில் ஒவ்வொரு நுனியிலும் வைத்து, அதன் வெளியே நீண்ட நாக்கை 54.7 பாகை மடக்கிக்கொள்ளுங்கள். மூன்று சட்டங்களின் நாக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து ஒரே எம்10 (10 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டில் அமரும். 192 பட்டைகளுக்கும் ஒரே மடக்கு என்பதால், மரத்துண்டு ஒன்றை அந்தக் கோணத்தில் வெட்டி வைஸில் பிடித்துக்கொண்டால் ஒருவரே ஒரு நாளில் எல்லாவற்றையும் மடக்கிவிடலாம். பூச்சு மடக்கும் இடத்தில் உதிரும் என்பதால், மடக்கிய பிறகு பூச்சுக்கு அனுப்புவதே நல்லது. டர்பனின் கடற்காற்றில் வெறும் இரும்பு சில வாரங்களில் துருப்பிடித்து மரத்திலும் கறை இறக்கிவிடும்.

இரண்டாவது, நான்முகியும் நான்முகியும் தொடும் இடம். இங்கேதான் இந்த வடிவத்தின் பெருந்தன்மை தெரிகிறது. 34 முனைகளில் வெளிக்கோடியில் உள்ள நான்கைத் தவிர மற்ற 30 இடங்களிலும் சரியாக இரண்டு நான்முகிகள் மட்டுமே சந்திக்கின்றன. அப்படிச் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் இதன் ஒரு சட்டமும் அதன் ஒரு சட்டமும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கின்றன. ஆகவே அந்த இரு சட்டங்களின் வெளிமுகத்தில் அரை மீட்டர் நீளமுள்ள மரத்துண்டு ஒன்றை வைத்து, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு எம்8 போல்ட்டுகளால் முடுக்கினால் இணைப்பு முடிந்தது. வெளிப்பக்கத்தில் வேறு எந்தச் சட்டமும் குறுக்கே வராது. மொத்தம் 120 போல்ட்டுகள். இரண்டு ஸ்பேனர் போதும்.

மரத்துக்கு இங்கே எளிதில் கிடைக்கும் 38க்கு 38 மில்லிமீட்டர் பைன் சட்டத்தையே எடுங்கள். மூலைக்காக இருபுறமும் 60 மில்லிமீட்டர் விட்டுவிட்டால் அறுக்க வேண்டிய நீளம் 880 மில்லிமீட்டர், 3.6 மீட்டர் கட்டை ஒன்றிலிருந்து நான்கு கிடைக்கும், வீண் மிகக் குறைவு. 24 கட்டைகள் கணக்குக்குச் சரியாக வரும், ஆனாலும் மூன்று நான்கு கூடுதலாக வாங்குங்கள், ஏனென்றால் சட்டத்தின் நடுவில் பெரிய முடிச்சு உள்ளவற்றைத் தயங்காமல் ஒதுக்க வேண்டும். இணைப்புத் துண்டுகளுக்கான மரம் இதில் சேரவில்லை.

கடைசியாக, என் மனத்துக்கு மிக நெருக்கமான விஷயம். பலர் கையால் செய்யும் வேலையில் எல்லோரும் துல்லியமாக அறுப்பார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். துல்லியத்தை ஜிக் என்னும் அளவு அச்சில் வைத்துவிட வேண்டும். நீண்ட கனமான பலகையின் இரு முனைகளிலும் சாய்வாக வெட்டிய கட்டைகளைப் பொருத்தி, அவற்றில் சரியாக 1000 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு எஃகு முளைகளை நிறுத்துங்கள். பட்டைகளின் நாக்குத் துளைகளை அந்த முளைகளில் மாட்டி, இடையில் மரத்தை வைத்து, பட்டையின் துளை வழியாகவே மரத்தில் துளை போடச் சொல்லுங்கள். மரத்தை ஒருவர் மூன்று மில்லிமீட்டர் குறைவாக அறுத்திருந்தாலும் முனைக்கு முனை தூரம் மாறாது. ஒரே அச்சை வீடு வீடாக அனுப்ப முடியாவிட்டால், ஒரு சனிக்கிழமை மண்டபத்தில் வைத்து எல்லோரும் வந்து துளை போட்டுக்கொண்டு போகட்டும். தீட்டுவதும் முடுக்குவதும் வீட்டில் நடக்கலாம். அச்சு இரண்டு செய்தால், முதலாவதிலிருந்தே இரண்டாவதை எடுங்கள், தனித்தனியாக அளக்காதீர்கள்.

எரிப்பதைப் பற்றி: வேண்டாம். இது திரும்பத் திரும்பக் கட்டுவதற்கென்றே பிறந்த வடிவம். மேலும், பச்சைச் சாயல் கொண்ட சி.சி.ஏ (தாமிரம், குரோமியம், ஆர்செனிக் கலந்த) மருந்திட்ட மரத்தை எந்தக் காரணத்துக்காகவும் எரிக்கக் கூடாது. அதன் புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் இருக்கும். போகித் தீயில் அதன் துண்டு துணுக்குகள்கூடப் போய்விடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

லெனேசியா கட்டமைப்புப் பொறியாளர்

வணக்கம். தச்சர் ஐயா சொன்ன வடிவத்தை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அலெக்சாண்டர் கிரகாம் பெல், தொலைபேசிக்குப் பிந்தைய ஆண்டுகளில், இதே நான்முகி அடுக்கில்தான் மனம் தோய்ந்து கிடந்தார். 1907இல் ஓர் ஆளைச் சுமந்து பறந்த அவருடைய சிக்னெட் என்ற பட்டம் 3,393 நான்முகிச் சிற்றறைகளால் ஆனது. குறைந்த எடையில் நிறைந்த விறைப்பு என்பதே அவரை அதில் ஈர்த்தது. ஆனால் குறைந்த எடை என்பதே உங்கள் திடலில் கவலைக்குரிய செய்தியாகவும் ஆகிறது. அதனால் சிலவற்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெளியில் தன்னந்தனியாக நிற்கும் சட்டகம் முப்பரிமாணத்தில் விறைப்பாக இருக்க, முனைகளின் எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் வரும் அளவுக்காவது சட்டங்கள் வேண்டும். உங்கள் வடிவத்தில் 34 முனைகள். கணக்கு 96 என்று வருகிறது. சட்டங்களும் மிகச் சரியாக 96. இதைக் கண்டு கணக்கு ஆசிரியர்கள் மகிழ்வார்கள், நானும் மகிழ்கிறேன், ஆனால் கட்டுபவர்கள் இதன் மறுபக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். உபரியாக ஒரு சட்டம்கூட இல்லை. ஏதேனும் ஒன்று முறிந்தாலும், யாராவது வழி வேண்டும் என்று ஒன்றைக் கழற்றினாலும், வடிவம் தளர்ந்துவிடும். இணைப்புத் துண்டுகள் சற்று உதவும் என்றாலும் அவற்றை நம்பிக் கணக்கிடக் கூடாது. அடித்தளத்தின் மூன்று கோடிகளோடு இடையில் உள்ள முனைகளையும் தரையோடு பிணைத்துவிட்டால், அந்தப் பிணைப்புகள் உபரிச் சட்டங்களின் வேலையைச் செய்யும். அதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்தது ஏறுதல். இப்படி ஒன்று நின்றால் பிள்ளைகள் ஏறத்தான் பார்ப்பார்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மீட்டர் சட்டத்தின் நடுவில் தொங்கினால், 38 மில்லிமீட்டர் சதுரச் சட்டத்தில் ஏற்படும் வளைவுத் தகைவு ஏறத்தாழ 19 மெகாபாஸ்கல். இங்கே கட்டுமானத்துக்கு விற்கப்படும் எஸ்5 தரப் பைனுக்கு வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் வளைவு வலிமை 11.5 மெகாபாஸ்கல்தான். அறுத்தெடுத்த மெல்லிய சட்டங்களுக்கு அந்தத் தர முத்திரையும் பெரும்பாலும் இருக்காது. ஆகவே இதை ஏறி விளையாடும் பொருளாகக் கருதவே கூடாது. சுற்றிலும் கோலமிட்ட எல்லை ஒன்றை வைத்து, திருவிழா நேரத்தில் பெரியவர் ஒருவரை எப்போதும் அருகில் நிறுத்துங்கள். ஏறியே தீர வேண்டும் என்று விரும்பினால் சட்டத்தின் பருமன், மூட்டு, கீழே விழுந்தால் தாங்கும் மண் என்று எல்லாம் மாறும், அது வேறொரு திட்டம். முக்கோணங்களுக்குள் குடும்பங்கள் அழகுக்காகக் குச்சிகளைப் பின்னினால், இடைவெளிகள் 89 மில்லிமீட்டருக்கும் 230 மில்லிமீட்டருக்கும் இடைப்பட்டதாக வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அளவு அது என்று விளையாட்டுத் திடல்களுக்கான தரநூல்கள் எச்சரிக்கின்றன.

காற்றுதான் எல்லாவற்றிலும் பெரிது. மரம் மட்டும் ஏறத்தாழ 60 கிலோ, இரும்போடு சேர்த்து 90 கிலோ வரலாம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 245 நியூட்டன் அழுத்தம் தருகிறது. வெறும் சட்டங்களுக்கிடையே காற்று புகுந்து போய்விடும். பெரிய முகம் ஒன்றின் பரப்பு 7 சதுர மீட்டர். அதன் மேல் யாராவது பிளெக்ஸ் பதாகையோ சேலைத் துணியோ கட்டிவிட்டால், வடிவத்துக்கு ஏற்பக் காற்றின் விசையைத் திருத்தும் வடிவக் கெழுவைச் சேர்க்காமலேயே 1,700 நியூட்டன், அதாவது 170 கிலோ எடைக்கு நிகரான விசை பக்கவாட்டில் தள்ளும். வடிவத்தின் எடையே அதில் பாதிதான். தை மாதம் இங்கே கோடைமழைக் காலம். மாலையில் இடியோடு வரும் காற்று முன்னறிவிப்புக்குக் காத்திருக்காது. ஆகவே துணி வேண்டவே வேண்டாம், தோரணமும் மாவிலையும் செவ்வந்திச் சரமும் போதும். மூன்று கோடிகளிலும் தலா 100 கிலோ மணல்மூட்டையை என் தொடக்க அளவாகச் சொல்வேன். அதோடு புல்தரையில் சாய்வாக அடித்த இரும்பு முளைகளில் கட்ட வேண்டும், ஏனென்றால் மூட்டை சாய்வதைத் தடுக்கும், வழுக்குவதை முழுவதும் தடுக்காது. முளை அடிக்கும் முன் திடலுக்கடியில் தண்ணீர்க் குழாயோ மின்கம்பியோ போகிறதா என்று கேட்டறிந்துகொள்ளுங்கள்.

பொதுமக்கள் கூடும் இடம் என்பதால், தென்னாப்பிரிக்கப் பொறியியல் மன்றத்தில் பதிவு பெற்ற பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும் நின்ற வடிவத்தையும் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். நான் இங்கே சொன்ன எண்கள் அவருடைய கணக்குக்கு மாற்று ஆகமாட்டா. நகராட்சியின் அனுமதிக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

ஆசிரியை அக்காவுக்கு வணக்கம். இரவல் வாங்கப்போகும் ஊரைச் சேர்ந்தவள் என்ற உரிமையில் மாறுபட்ட கருத்து ஒன்றைச் சொல்கிறேன்.

மற்ற இருவரும் கட்டுவதைப் பற்றிச் சொன்னவை எனக்குப் பெரிதும் பயன்பட்டன. ஆனால் மக்கள் கூடும் கலை என்றால், உள்ளே போய் அமர இடம் வேண்டும் என்பது என் எண்ணம். இந்த மண்ணிலேயே அதற்கு முன்மாதிரி உண்டு. வளைந்து கொடுக்கும் இளங்கொம்புகளைத் தரையில் வட்டமாக நட்டு, வளைத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலே புல் வேயும் சுலு மக்களின் குடிலில், முனைக்கு இரும்பும் இல்லை, நீளத்துக்கு அளவுகோலும் இல்லை. ஆனாலும் அது அரைக்கோளமாக உறுதியாக நிற்கிறது, பலர் கூடித்தான் கட்டுகிறார்கள். மிட்லண்ட்ஸ் பகுதியில் ஓடைக்கரைகளையெல்லாம் ஆஸ்திரேலிய வாட்டில் மரம் ஆக்கிரமித்திருக்கிறது. வெட்டி அகற்ற வேண்டிய அந்த மரத்தின் இளங்கொம்புகளைக் கொண்டே நம் பிள்ளைகளும் பக்கத்துச் சுலு பிள்ளைகளும் சேர்ந்து ஒரு குடில் வளைத்தால், அதுவும் கூட்டுக் கலைதானே? நான்முகியின் நடுவில் வெற்றிடம் உண்டு என்று தச்சர் ஐயா சொல்கிறார். ஆனால் அதன் வாய் கீழே குறுகி மேலே விரியும் முக்கோணமாக இருக்கும் என்பதால், சேலை கட்டிய பாட்டி ஒருவர் அதில் எப்படி நுழைவார்?

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் விருப்பம்போல் தீட்டினால் தூரத்திலிருந்து பார்க்கும்போது வடிவமே கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். இந்நாட்டின் இந்தெபெலே இன மகளிர் வீட்டுச் சுவர்களில் தீட்டும் முறையைக் கவனித்திருப்பீர்கள். அந்த மரபில் வந்த எஸ்தர் மஹ்லாங்கு அவர்கள் 1991இல் பி.எம்.டபிள்யூ கார் ஒன்றின் மேல் தீட்டியபோதும், பளிச்சென்ற நிறப்பரப்புகளைக் கருங்கோடுகளால் வரம்பு கட்டி நிறுத்தினார். அந்த வரம்புதான் எத்தனை நிறம் வந்தாலும் வடிவத்தைக் காப்பாற்றுகிறது. ஆகவே சட்டங்களின் இரு நுனிகளிலும் ஒரு சாண் அளவுக்கு எல்லோரும் ஒரே வெள்ளை நிறத்தைத் தீட்டட்டும். நடுப்பகுதி அவரவர் விருப்பம். அப்போது வெள்ளை நுனிகள் கூடும் இடமெல்லாம் கோலப்புள்ளிகளாகத் தெரியும்.

பீனிக்ஸ் தச்சர்

தங்கையின் வெள்ளை நுனி யோசனையை அப்படியே ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா. நானாக இருந்தால் அதற்குமேல் ஒன்றும் சேர்க்கமாட்டேன்.

பாட்டியம்மா நுழைவதைப் பற்றிச் சொன்னது நியாயம். பெரியவர்கள் வசதியாக உள்ளே செல்லும் வாசல் இந்த வடிவத்தில் கிடையாது, அதற்காகச் சட்டத்தைக் கழற்றவும் வழியில்லை என்பதைப் பொறியாளர் ஐயா விளக்கிவிட்டார். வாட்டில் கொம்புக் குடிலும் சிறப்பானது. ஆனால் வெட்டிய ஈரம் காயக் காயக் கொம்பு அதே வளைவில் இறுகிவிடும். அதைப் பிரித்து நேராக்கி, அடுத்த ஊரில் மறுபடி வளைக்க முடியாது. எனவே அது பீட்டர்மாரிட்ஸ்பர்கிலேயே கட்டி அங்கேயே இருக்கட்டும், நான்முகிகள் பயணம் செய்யட்டும்.

அமர்வதற்கு இடம் வேண்டும் என்ற எண்ணத்தைக் கட்டும் வரிசையிலேயே நிறைவேற்றலாம். முதல் நாளில் பதினாறையும் நான்கு நான்காகச் சேர்த்து, இரண்டு மீட்டர் பக்கமுள்ள நான்கு வடிவங்களாக மட்டும் திடலில் தள்ளித் தள்ளி நிறுத்துங்கள், ஒவ்வொன்றும் 1.63 மீட்டர் உயரம், இரும்போடு இருபத்திரண்டு கிலோ அளவுதான் இருக்கும். நான்கின் நடுவில் பானை வைத்துப் பொங்கலிடும்போது மக்கள் அவற்றிடையே அமர்ந்திருப்பார்கள், பாட்டிமார்களுக்கு நாற்காலி போடவும் இடமிருக்கும். தீயிலிருந்து ஒவ்வொன்றும் நன்றாக விலகியிருக்க வேண்டும் என்பதையும், அந்தச் சிறிய வடிவங்களையும் தரையோடு கட்டியே வைக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். மாட்டுப்பொங்கலன்று, அடுப்பின் தணல் முழுவதும் அவிந்த பிறகு, மூன்றைத் தரையில் மூலைக்கு மூலை சேர்த்து முடுக்கிவிட்டு, நான்காவதை ஆறு பேர் கைகளில் ஏந்தித் தலைக்குமேல் தூக்கி, அந்த மூன்று உச்சிகளின் மேல் அமர்த்தலாம். இருவர் தனித்தனி ஏணிகளில் நின்று இணைப்புத் துண்டுகளை முடுக்குவார்கள். முடுக்கி முடியும்வரை கீழே பிடித்திருப்பவர்கள் கையை எடுக்கக் கூடாது, பிள்ளைகள் எல்லைக்கு வெளியே நிற்க வேண்டும். பாரந்தூக்கியின் உதவி இல்லாமல் ஊரே பார்த்திருக்க வடிவம் எழும்.

வண்டியில் ஏற்றுவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான்முகிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினால், கீழுள்ளதன் உச்சி மேலுள்ளதன் அடிமுக்கோணத்துக்குள் புகுந்து, ஒவ்வொன்றும் சில அங்குலமே உயரம் கூட்டும். எட்டெட்டாக இரண்டு அடுக்குகள், பக்கி என்று இங்கே சொல்லும் திறந்த சிறு சரக்கு வண்டி ஒன்றின் பின்தட்டில் போய்விடும். இடையில் பழைய கம்பளத்துண்டு வைத்தால் வண்ணம் உரசாது.

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை

மூவருக்கும் உளமார்ந்த நன்றி. நேற்று வகுப்பில் ஐஸ்குச்சிகளைக் கொண்டு பதினாறு சிறு நான்முகிகளைப் பிள்ளைகள் ஒட்டி அடுக்கினார்கள். நான்காவது தொகுதியை மேலே வைத்ததும் நடுவில் எண்முகி வெற்றிடம் தெரிந்தபோது வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. எரிக்க வேண்டும் என்று சொன்ன இளைஞர்கள்தாம் இப்போது பட்டை மடக்கும் பொறுப்பைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

பெற்றோர் குழு பதினாறு நான்முகி வடிவத்தை ஏற்றுக்கொண்டது. துணி கட்டுவதில்லை, ஏறுவதில்லை, பதிவு பெற்ற பொறியாளரின் கையொப்பமில்லாமல் தூக்கி நிறுத்துவதில்லை என்று அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டிவிட்டோம். ஒரே ஓர் ஐயம் மிஞ்சியிருக்கிறது. பிள்ளைகள் கையில் எடுத்து வேலை செய்வதால் மருந்திடாத பைனையே வாங்கலாமா? பத்து நாள் திடலில் மழை படும், மற்ற நாள்களில் மண்டபத்துக்குள் இருக்கும்.

பீனிக்ஸ் தச்சர்

தாராளமாக வாங்கலாம் அம்மா. நிலத்தைத் தொடாமல் நின்று, நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடும் சட்டத்துக்குப் பத்து நாள் மழையால் கேடு வராது. நீர் உறிஞ்சுவது பெரும்பாலும் அறுத்த நுனிகளில்தான்; அங்கே வெள்ளைப் பூச்சை இரண்டு முறை கூடுதலாகக் கொடுங்கள், துளைகளின் உட்புறத்துக்கும் கொஞ்சம் தடவுங்கள். தரையைத் தொடும் முனைகளின் கீழே மட்டும் செங்கலோ ரப்பர் துண்டோ வைத்து உயர்த்திவிடுங்கள். பிரித்து உள்ளே எடுத்துவைக்கும் முன் இரண்டு நாள் நிழலில் உலர்த்துங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள், ஏனென்றால் டர்பனில் மழையைவிடக் கரையான்தான் மருந்திடாத பைனுக்குப் பெரிய எதிரி. மரம் ஈரத்தில் உப்பிக் காயும்போது சுருங்குவதால் போல்ட்டுகள் தளரும். ஒவ்வொரு காலையும் ஒருவர் ஸ்பேனரோடு முப்பது இணைப்புகளையும் சுற்றிவந்து முடுக்கட்டும். அகன்ற வாஷரும், தானாகக் கழலாத நைலான் வளைய நட்டும் வாங்க மறவாதீர்கள்.

முதலில் இரண்டே நான்முகிகளைச் செய்து, ஓர் இணைப்பை முடுக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மற்ற பதினான்குக்கும் மரம் அறுங்கள்.